ஊருக்குள் கலை வகுப்பு: வாத்தியாரை எங்கே தேடுவது?

கேள்வி: பேரையூர் பக்கம் ஒரு கிராமத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கலைத் திருவிழாவுக்காக எங்கள் பிள்ளைகள் போனைப் பார்த்து ஆடப் பழகி, வட்டார அளவில் பரிசும் வாங்கினார்கள். இப்போது முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். மதுரைக்குப் போய்வந்தால் ஒரு நாளே ஓடிவிடும். மதுரையில் பரதம் சொல்லித்தரும் ஒருவரைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடியும், கார் செலவு தனி என்றார். எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஊரில் பறை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் ஆடக்கூடாது என்பவர்களும் உண்டு. எங்கிருந்து தொடங்குவது? பணத்துக்கு என்ன வழி? ஏழாம் வகுப்பில் ஒரு பையன் அபாரமாகப் படம் வரைகிறான். அவனுக்கு என்ன செய்யலாம்?

– ஓர் ஆசிரியை, பேரையூர் வட்டம்

பதில்: வணக்கம் டீச்சர். பிள்ளைகளே கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கிராமங்களில் கலைப் பயிற்சி ஏற்பாடு செய்யும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். பிள்ளைகளைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைத்த வகுப்புகளை நிறையப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், பாதி வேலை உங்களுக்கு முடிந்துவிட்டது.

வாத்தியாரை மதுரையில் தேடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். பேரையூர், டி. கல்லுப்பட்டி, எழுமலை, உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒயிலாட்டம், கும்மி, சிலம்பம், தப்பு, உறுமி, நையாண்டி மேளம் தெரிந்தவர்கள் இல்லாத திசையே கிடையாது. அவர்களில் பலர் இப்போது நூறு நாள் வேலைக்கோ, திருப்பூருக்கோ, செங்கல் சூளைக்கோ போய்க்கொண்டிருப்பார்கள். ‘கலைஞர்’ என்று அவர்களும் சொல்லிக்கொள்வதில்லை, ஊரும் சொல்வதில்லை. அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, உங்கள் பக்கத்து மைக்செட்காரரைக் கேட்பதுதான். எந்த ஊர்ப் பொங்கலுக்கு எந்த செட்டு வந்தது, யார் நன்றாக அடித்தார், யார் குடித்துவிட்டு வந்து சொதப்பினார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் போனில் எல்லார் நம்பரும் இருக்கும். அடுத்ததாக, மந்தையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம், “முன்னே மாரியம்மன் பொங்கலுக்கு இங்கே ஒயில் பழக்கிவிட்டது யாரு?” என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும். அவர் இறந்துபோயிருந்தால்கூட அவரிடம் பழகிய நாலு பேராவது இருப்பார்கள்.

ஆளைப் பார்த்ததும் அடுத்த கேள்வி காலம். இதைத்தான் பலரும் யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மாசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை நம் பக்கத்துக் கலைஞர்களுக்கு ஓய்வே இருக்காது. பங்குனி, சித்திரையில் ஒரே ராத்திரிக்கு இரண்டு ஊரில் கூப்பிடுவார்கள். அப்போது போய் உங்கள் வகுப்புக்கு வரச் சொன்னால் முதல் வாரம் வருவார், மூன்றாவது வாரம் காணாமல் போவார். அவர் மேல் குற்றமில்லை, அது அவருடைய அறுவடைக் காலம். புரட்டாசிக்கு அப்புறம் தை வரை கையில் காசில்லாமல் இருப்பார். உங்கள் வகுப்பை அந்த மாதங்களில் வையுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் தொடங்கினால், அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் விட்டு, பொங்கலுக்கு ஒரு நிகழ்ச்சியோடு முடிக்கலாம். பிள்ளைகளுக்கு வகுப்பு, அவருக்கு வேலையில்லாத காலத்தில் ஒரு வருமானம். இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் அடுத்த வருஷமும் அவர் வருவார்.

ஆனால் அது மழைக்காலம். மைதானத்தை நம்பாதீர்கள், பள்ளி வராண்டாவை ஒழித்துவையுங்கள். மக்காச்சோளம், பருத்தி என்று காட்டில் வேலை இருக்கும் சனிக்கிழமைகளில் பெரிய பிள்ளைகள் வர மாட்டார்கள். அதனால் வாரத்தில் ஒரு வகுப்பையாவது பள்ளி நாளில் சாயங்காலம் நாலரை மணிக்கு வையுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசிக்கும். ஒரு கை சுண்டல் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இருட்டுவதற்கு முன் விட்டுவிட வேண்டும். நீங்களோ சத்துணவு அக்காவோ, பெரியவர்கள் ஒருவர் வகுப்பு முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

இடம் பள்ளிதான். சாவடி வசதியாக இருக்கிறது, கோயில் முன்னால் பந்தல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சாவடியும் மந்தையும் யாருக்குச் சொந்தம், யார் அங்கே உட்காரலாம், யார் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் நம் ஊர்களில் ஏற்கெனவே முடிவான விஷயங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்காரும் இடம் ஊரில் பள்ளி ஒன்றுதான். கலை வகுப்பும் அந்தத் தரையில்தான் நடக்க வேண்டும்.

எந்தக் கலை என்று கேட்டால், முதல் வருஷம் ஒயிலாட்டம் என்பேன். காரணம் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டால் போதும், எல்லாரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம். ஒருத்தி ஆட, மீதிப் பேர் வேடிக்கை பார்க்கும் நிலை வராது. தேவைப்படுவது கையில் ஒரு துண்டு, காலில் சலங்கை. சலங்கைகூட இரண்டாவது மாதம் வாங்கிக்கொள்ளலாம். வாத்தியார் முன்னால் நின்று ஓர் அடியை மெதுவாகப் போட்டுக் காட்டுவார். பாட்டும் நிதானமாகத்தான் தொடங்கும். பிள்ளைகள் முதலில் துண்டை வீசுவதிலேயே குறியாக இருப்பார்கள், கால் தப்பிப் போகும். துண்டைக் கீழே போடச் சொல்லி வெறும் காலை மட்டும் பழக்குவார். கால் படிந்ததும் துண்டைத் திரும்பக் கொடுப்பார். அப்புறம் ஒரு நாள் பாட்டு வேகமெடுக்கும். வரிசை முழுக்க ஒரே நேரத்தில் திரும்பும், ஒரே நேரத்தில் துண்டு மேலே போகும். அந்த இடத்தை எட்டியவுடன் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். போனைப் பார்த்துத் தனியாக ஆடிய பிள்ளைக்கு இது புதிய அனுபவம். பக்கத்தில் நிற்பவன் கால் எங்கே போகிறது என்று பார்க்காமலே தெரியும்.

முன்பு ஆண்கள் மட்டும் ஆடியது ஒயில். இப்போது பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பெற்றோரின் பயத்துக்கும் இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது. அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் கரகாட்டத்தை நினைத்துத்தான். கரகாட்டம் அருமையான கலை. தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு கழுத்தை அசைக்காமல் உடம்பை ஆளும் பயிற்சி லேசுப்பட்டது கிடையாது. ஆனால் நடுராத்திரி மேடையில் அந்தப் பெண்களை ஆடச் சொன்ன விதமும், பார்த்தவர்கள் கத்திய கத்தலும் ஊர்ப் பெற்றோர் மனதில் நிற்கின்றன. அவர்களோடு வாதாட வேண்டாம். பாவாடை சட்டையிலோ சுடிதாரிலோ, வரிசையாக, பகல் வெளிச்சத்தில், பள்ளியில் ஆடப்போகிறார்கள் என்று சொல்லுங்கள். வகுப்புக்கு அம்மாக்களும் வந்து உட்காரலாம் என்று சொல்லுங்கள். மூன்றாவது வாரம் அந்த அம்மாக்களிடம் கும்மி தெரியுமா என்று கேளுங்கள். முளைப்பாரிக்குக் கும்மி கொட்டிய பெண்கள் உங்கள் ஊரில் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்களே வாத்தியாராகிவிட்டால் பெண் பிள்ளைகளை ஆட விடலாமா என்ற கேள்வியே எழாது. எழும் இடங்களிலும் பதில் சொல்ல அம்மாக்களே முன்வருவார்கள்.

இனி பறை. இதில் அவசரப்படாதீர்கள், ஆனால் கைவிட்டுவிடவும் கூடாது. பெற்றோர் மறுப்பதை எழுதியிருக்கிறீர்கள். பறை அடிக்கும் குடும்பங்களிடம் கேட்டீர்களா என்று எழுதவில்லை. சாவுக்கு அடி, சாமிக்கு அடி என்று காலங்காலமாகக் கட்டாயப்படுத்தி அடிக்க வைத்த கருவி அது. ‘என் மகன் அதைத் தொடக்கூடாது’ என்று முடிவெடுத்த தகப்பன்கள் நிறையப் பேர். அந்த முடிவுக்குப் பின்னால் பெரிய வலி இருக்கிறது. அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். அந்தத் தெருப் பிள்ளையை மட்டும் கூப்பிட்டு, ‘உனக்குத்தான் தெரியுமே, அடி’ என்று பள்ளியில் நிறுத்துவதைப் போன்ற கெடுதல் வேறு இல்லை. பறை வகுப்பு என்று வைத்தால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் குச்சியைக் கையில் எடுக்க வேண்டும். அது நடக்கும் என்று உங்களுக்கு உறுதி வந்த பிறகு தொடங்குங்கள். இரண்டாவது வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

பெற்றோரிடம் பேச உங்களுக்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. அலங்காநல்லூர் வேலு ஆசான் பறை அடித்தும் கற்றுக்கொடுத்தும் வாழ்கிறவர். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை அடித்து ஆடுகிறார்கள். இவர்களுடைய படத்தையும் வீடியோவையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காட்டுங்கள். சொற்பொழிவு வேண்டாம்.

முதல் வருஷத்திலேயே ஒரு நாள் பறைக் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டுக் கருவியை அறிமுகம் மட்டும் செய்யலாம். மழை நாளில் பறையை எடுத்து அடித்தால் தோல் தளர்ந்து தொப்பென்று கேட்கும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டிய பிறகு அடித்தால் கணீரென்று எழும். ஈரம் இழுத்த தோல் சூட்டில் இறுகுகிறது. உங்கள் அறிவியல் பாடத்துக்கும் இது உதவும். இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் இரண்டு வேலை செய்யும். பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்தத் தெருப் பிள்ளையும் ‘மாட்டேன்’ என்று சொல்லி நான் பார்த்ததில்லை. மாட்டேன் என்பவர்கள் பெரியவர்கள்தான்.

வருகிறவர் யாராக இருந்தாலும் நாற்காலி போடுங்கள். மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே டம்ளரில் டீ கொடுங்கள். பிள்ளைகள் அவரை ‘வாத்தியார்’ என்றோ ‘ஆசான்’ என்றோ கூப்பிட வேண்டும். பெயர் சொல்லி ‘வாப்பா, போப்பா’ என்று ஊரார் கூப்பிடுகிற மனிதராக அவர் இருக்கலாம். உங்கள் பள்ளிக்குள் அது நடக்கக் கூடாது. இதை முதல் நாளே பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். வாரம் 2 வகுப்பு, 12 வாரம் என்றால் 24 வகுப்பு. வகுப்புக்கு 800 ரூபாய் என்று வைத்தால் 19,200 ரூபாய். சுண்டல், பஸ் செலவு, துண்டு எல்லாம் சேர்த்து 25,000-க்குள் அடங்கும். வாத்தியார் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ‘ஊருக்குச் செய்கிற சேவைதானே’ என்று கலைஞனிடம் மட்டும்தான் எல்லாரும் கேட்கிறார்கள். பந்தல்காரரிடமும் மைக்செட்காரரிடமும் யாரும் கேட்பதில்லை. பணத்தை மாதக் கடைசிவரை இழுக்காமல் வாரா வாரம் கையில் கொடுங்கள். உடுப்பு தைக்கும் ஆசை பொங்கல் நெருங்கும்போது எல்லாருக்கும் வரும். காசு மிஞ்சினால் தையுங்கள், இல்லாவிட்டால் பள்ளிச் சீருடையிலேயே ஆடட்டும். பல வகுப்புகள் ஜிகினாத் துணிக்கும் கேடயத்துக்கும் செலவழித்து வாத்தியாருக்குக் கடன் சொல்லி நின்றுபோயிருக்கின்றன.

எங்கே கேட்பது? முதலில் உங்கள் பள்ளியில் படித்து இப்போது திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் வேலை பார்ப்பவர்கள். ஆளுக்கு 5,000 என்று ஐந்து பேர் கிடைத்தால் கணக்கு முடிந்தது. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் அரசுப் பள்ளிக்கு உதவுவதற்காகவே வந்தது. தலைமை ஆசிரியர் வழியாக அதிலும் விண்ணப்பிக்கலாம். அடுத்தது திருவிழாக் கமிட்டி. ஆடல் பாடலுக்கும் சீரியல் லைட்டுக்கும் செலவழிக்கும் ஊர், தன் பிள்ளைகள் ஆடப்போகும் மேடைக்குக் கொஞ்சம் ஒதுக்க மறுக்காது. ஆனால் மேடை ஏற எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தயங்கினால் அந்தப் பணம் வேண்டாம். பொங்கல் நிகழ்ச்சியைப் பள்ளியிலேயே நடத்துங்கள். ஜனவரி 26 கிராம சபை பின்னாலேயே வருகிறது. அங்கே பிள்ளைகள் பத்து நிமிஷம் ஆடிவிட்டு, அடுத்த வருஷத்துக்கு ஊராட்சியிடம் உதவி கேட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம்.

அரசுக் கதவுகளும் இருக்கின்றன. கலை பண்பாட்டுத் துறைக்கு மதுரையில் மண்டல அலுவலகம் உண்டு. அந்தத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். தினமும் வாரமும் அங்கே அனுப்புவது உங்களுக்கு நடக்காத காரியம். ஆனால் அங்கே சொல்லித்தருபவர்களை வருஷத்தில் ஒரு நாள் உங்கள் பள்ளிக்கு அழைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பரதமோ வாய்ப்பாட்டோ நாதஸ்வரமோதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது என்று அவர்களுக்கு இப்போதே தெரிய வேண்டும். நாட்டுப்புறம் கிராமத்துக்கு, பரதம் பட்டணத்துக்கு என்று நான் பிரிக்கவில்லை. உங்கள் ஊர்ப் பெண் பரதம் ஆட வேண்டும் என்றால் ஆடத்தான் வேண்டும். வாரா வாரம் நடக்கும் வகுப்புக்கு வாத்தியார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால்தான் ஒயிலில் தொடங்கச் சொல்கிறேன்.

அதே அலுவலகத்துக்கு இன்னொரு காரணத்துக்காகவும் போங்கள். உங்கள் வாத்தியாருக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். வாரியம் 2007-இல் தொடங்கியது. பிள்ளைகள் படிப்புக்கும், திருமணத்துக்கும், இறப்புக்கும் உதவித்தொகை உண்டு. இன்னும் பதியாதவர்கள் ஏராளம், விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஆளில்லை என்பதே காரணம். நீங்கள் எழுதிக்கொடுக்கலாம். வயதானவர் என்றால் நலிந்த கலைஞர்களுக்கான மாத நிதியுதவிக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாக விருது கொடுக்கிறது. 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கலை இளமணி, 50 தாண்டியவர்களுக்குக் கலை நன்மணி, 65 தாண்டியவர்களுக்குக் கலை முதுமணி. ஒயில் பழக்கிய ஒரு பெரியவர் கலெக்டர் கையால் முதுமணி வாங்கிவிட்டு ஊருக்குள் பஸ்ஸில் வந்து இறங்கட்டும். பறை கூடாது, ஆட்டம் கூடாது என்று பேசுகிறவர்கள் குரல் தானாக இறங்கும்.

கற்றுக்கொள்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பார்ப்பதும் வேண்டும். உங்கள் பக்கத்தில் இன்னும் வள்ளி திருமணம், அரிச்சந்திரா என்று நாடகம் வைக்கிறார்கள் அல்லவா? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் சிறுவர்களை வைத்துப் பாலர் சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய மதுரைதான் இன்றைக்கும் இந்த நாடகங்களுக்குத் தலைநகரம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். வள்ளி வருவதற்குள் உங்கள் பிள்ளைகள் பாயில் தூங்கிப் போயிருப்பார்கள். அதனால் கமிட்டியில் பேசி, ஆர்மோனியக்காரரையும் கோமாளி வேஷம் கட்டும் பபூனையும் மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்கே வரவழைத்துவிடுங்கள். தனியாகக் கொஞ்சம் பணம் கொடுத்துவிடுங்கள். பள்ளியில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து காட்டட்டும், துருத்தியைப் பிள்ளைகள் அழுத்திப் பார்க்கட்டும். நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் வேறு ஊர், ஒத்திகையே பார்க்காமல் மேடையில்தான் சந்திப்பார்கள் என்று பபூன் சொல்லும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அன்றைக்கு ராத்திரி பாதிப் பேராவது தூங்காமல் பார்ப்பார்கள்.

கலைத் திருவிழாவில் பரிசு வாங்கியது நல்ல விஷயம்தான், அடுத்த வருஷமும் அனுப்புங்கள். ஆனால் வகுப்பை அதற்கான பயிற்சியாக மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் நன்றாக ஆடும் எட்டுப் பேர் முன்னால் வருவார்கள், மீதி முப்பத்திரண்டு பேர் வராண்டா ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கடைசியாக அந்தப் படம் வரையும் பையன். அவனுக்கு இப்போதைக்கு வாத்தியாரைவிடத் தாளும் பென்சிலும் அவசியம். ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள்கள் பள்ளி அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கும், அதை அவனிடம் கொடுங்கள். சினிமா நடிகர் படத்தைப் பார்த்து வரைகிறான் என்றால் தடுக்க வேண்டாம். அதோடு, உங்கள் ஊர் ஆட்டுக்கிடையையும் டீக்கடையையும் நேரில் உட்கார்ந்து பார்த்து வரைந்து வரச் சொல்லுங்கள். ஒரு நாள் திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரிக்குக் கூட்டிப்போங்கள். வீட்டுக்கு வீடு களிமண் பொம்மை செய்கிறார்கள். கொலுவுக்கு முந்தைய மாதங்களில் போனால் மண் பிசைவதிலிருந்து கண் திறப்பது வரை எல்லாவற்றையும் பார்க்கலாம். அங்கிருந்து பக்கம்தான் கீழக்குயில்குடி. மலைப்பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களின் முன்னால் அவனை ஒரு மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஓவியமும் சிற்பமும் பட்டப்படிப்பாகப் படிக்கச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. இதைத் தெரியாமலேயே பல பையன்களை வேறு படிப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அவன் வரைந்ததில் தேதி போட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்துவையுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்குப் போகும்போது தன் கைவேலையைக் காட்ட அவனுக்கு அது உதவும்.